தூக்குத் தண்டனை: நம் பகுதி வழக்குகளை வைத்தே ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை ஒன்று சீரழிக்கப்பட்ட செய்தியோ, சாதி மீறி மணந்த இளைஞன் வெட்டப்பட்ட செய்தியோ வந்தால் போதும், அடுத்த சில நாட்களுக்குத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதி முழுவதும் "தூக்கில் போடுங்கள்" என்ற கோரிக்கையே நிறைந்திருக்கிறது. அந்தக் கோரிக்கையின் பின்னால் இருக்கும் ஆத்திரத்தை நான் மதிக்கிறேன். கொடுமையைக் கண்டு கொதிக்காத ஊர் நல்ல ஊராக இருக்க முடியாது. ஆனால், அமர்வு நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காகவும் பின்னர் சிரஸ்தாராகவும் (நீதிமன்ற அலுவலகத் தலைமை ஊழியர்) இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஆத்திரம் கேட்கும் தண்டனையால் அது தேடும் நீதி கிடைப்பதில்லை என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இதற்கு வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. கோவை, உடுமலை, தருமபுரி, திருச்செங்கோடு என்று நமக்கெல்லாம் தெரிந்த வழக்குகளே போதும்.

எனக்கு மிகவும் கடினமான வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2010 அக்டோபர் இறுதியில், கோவையில் பள்ளிக்குப் புறப்பட்ட அக்காவும் தம்பியும் கடத்தப்பட்டு, கொடுமைக்கு ஆளாகி, பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் இந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற யாருக்கும் சோறு தொண்டையில் இறங்கியிருக்காது. கைதான இருவரில் ஒருவன் சில நாட்களிலேயே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். அதற்குப் பட்டாசு வெடித்தவர்களும் உண்டு. மற்றவனுக்குக் கோவை நீதிமன்றம் 2012இல் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் 2014இல் அதை உறுதிசெய்தது, 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. குற்றம் செய்தவன் இவன்தான் என்பதில் எந்த நீதிமன்றத்துக்கும் ஐயம் எழவில்லை. ஆகவே, நிரபராதி தூக்கிலேறிவிடக்கூடும் என்ற வாதத்தை இந்த வழக்கில் நான் வைக்கவில்லை.

ஆனால் உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு ஒருமித்த தீர்ப்பு அல்ல. மூன்று நீதிபதிகளில் இருவர் தூக்கு என்றார்கள். நீதிபதி சஞ்சீவ் கன்னா, அவன் குற்றவாளி என்பதை முழுமையாக ஏற்றுக்கொண்டு, தண்டனையில் மட்டும் மாறுபட்டு, எந்தக் குறைப்பும் இல்லாமல் அவன் இயற்கையாக இறக்கும்வரை சிறையில் இருக்க வேண்டும் என்று எழுதினார். அதே வழக்குக் கோப்பைப் படித்து, அதே சாட்சியத்தை எடைபோட்டு, அதே அமர்வில் உட்கார்ந்த மூவருக்குள் இந்த வேறுபாடு. அந்த அமர்வில் இன்னும் ஒருவருடைய மனம் மறுபக்கம் சாய்ந்திருந்தால் தண்டனையே வேறாகியிருக்கும். ஒரு நிலத்தகராறில் இப்படி நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நிலம் அங்கேயே கிடக்கும், பிறகு திருத்திக்கொள்ள முடியும்.

இது அந்த ஒரு வழக்கின் கோளாறு அல்ல. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டு, "அரிதிலும் அரிதான" வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்று வரம்பு கட்டியது. அந்த அமர்விலேயே நீதிபதி பகவதி மாறுபட்டார். எது அரிதிலும் அரிது என்பது அமர்வில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துவிடும் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்பது விரைவிலேயே தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில், ஒரே மாதிரியான பங்கு வகித்ததாகத் தூக்கு விதிக்கப்பட்ட மூவர் தனித்தனியே உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒருவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இன்னொருவருடைய மனு தள்ளுபடியாகி 1981 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் மறுபடியும் மனு போட்டதால்தான் இந்த முரண்பாடே நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்து, அவர் உயிர் பிழைத்தார். தூக்கிலிடப்பட்டவர் விஷயத்தில் நீதிமன்றம் வருந்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

உடுமலை வழக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர்கள் பலர் என்னோடு மாறுபடுவது அங்கேதான். 2016 மார்ச் 13 அன்று, உடுமலை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், பட்டியல் சாதியைச் சேர்ந்த சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மீறி அவரை மணந்த மனைவியும் வெட்டுக்காயம் பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சாதி வெறிக்கு இப்போதாவது சரியான அடி விழுந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியின் நியாயம் எனக்கும் தெரியும். ஆனால் 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லித் தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐவரின் தூக்கை, குறைப்பில்லாத 25 ஆண்டுச் சிறையோடு கூடிய ஆயுள் தண்டனையாக மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

உயர் நீதிமன்றம் சொன்னது சரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், சட்டப்படி குற்றவாளி அல்லாத ஒருவர் இரண்டரை ஆண்டுகள் தூக்குக் கைதியாக வைக்கப்பட்டிருந்தார். திருப்பூர் நீதிமன்றம் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டால், சதியை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் அளவுக்குப் புலன்விசாரணை உறுதியாக இல்லாததால் கொலைக்குக் காரணமானவர் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும், தூக்கு என்ற சொல்லால் இறந்த இளைஞரின் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? தீர்ப்பன்று எல்லாரும் "ஆறு பேருக்குத் தூக்கு" என்பதைத்தான் பேசினோம். சதிக்கான சாட்சியச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மேல்முறையீட்டில் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. தண்டனையின் அளவைப் பற்றிய பேச்சு, நிரூபணத்தின் உறுதியைப் பற்றிய பேச்சை விழுங்கிவிட்டது.

இதற்கு நேர் எதிராக, இன்னொரு சாதி ஆணவக் கொலையான கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட அந்த மாணவரின் உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. முக்கியமான சாட்சி நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லி, பிறழ்சாட்சி ஆனார். அப்படியிருந்தும், வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, அரசுத் தரப்பில் உழைப்பும் துணிவும் உள்ள வழக்கறிஞர்கள் நின்று, கோயில் கேமராப் பதிவை அசைக்க முடியாத சான்றாக நிறுத்தி, 2022 மார்ச்சில் முதன்மைக் குற்றவாளி உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை பெற்றுத் தந்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதிசெய்தார்கள். அந்த வழக்கில் ஒருவருக்கும் தூக்கு இல்லை. சாதிப் பெருமை பேசி ஊர்வலம் போனவர்களை உண்மையில் யோசிக்க வைத்தது எதுவென்று கேட்டால், அந்த வழக்கைத்தான் சொல்வேன். பொள்ளாச்சி பாலியல் வழக்கிலும் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. தங்கள் அடையாளம் காக்கப்படும் என்று நம்பி அந்தப் பெண்கள் சாட்சி சொல்ல வந்ததுதான் அந்தத் தீர்ப்பின் அடித்தளம். கோவையில் 1998 பிப்ரவரியில் 58 உயிர்களைக் குடித்த குண்டுவெடிப்பு வழக்கில்கூட, 2007இல் தனி நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனைதான் விதித்தது என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

நிரபராதி தண்டிக்கப்படக்கூடும் என்ற அச்சம் கற்பனை என்று சொல்வோர், மகாராஷ்டிரத்து நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேரின் வழக்கை அறிந்துகொள்ள வேண்டும். 2009இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், அவர்கள் தவறாக வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் என்று கண்டு அனைவரையும் விடுதலை செய்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினாறு ஆண்டுகள் சிறையில் போயிருந்தன; அவர்களில் ஒருவர் குற்றம் நடந்தபோது சிறுவர் என்பதும் பின்னால் தெரியவந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் கருணை மனுக்கள் விரைவாகத் தள்ளுபடியாகியிருந்தால் ஐந்து லட்சத்தை யாரிடம் கொடுத்திருப்பார்கள்? ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் 1998இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது; மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அது நால்வருக்கு மட்டுமே நின்றது, பெரும்பாலோர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்தே விடுபட்டார்கள். விசாரணை நீதிமன்றங்கள் விதிக்கும் தூக்குத் தண்டனைகளில் நூற்றுக்கு ஐந்து அளவே இறுதிவரை நிற்கின்றன என்று டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தூக்குக் கைதிகளில் நான்கில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

அந்தக் கடைசிச் செய்தி எனக்கு வியப்பளிக்கவில்லை. குற்றவாளி என்று அறிவித்த பிறகு, தண்டனையைப் பற்றி என்ன சொல்ல விரும்புகிறாய் என்று நீதிபதி கேட்பது சட்டம் விதித்த முறை. ஒருவன் எப்படி வளர்ந்தான், மனநிலை எப்படி இருந்தது, திருந்தும் வாய்ப்பு உண்டா என்பதையெல்லாம் ஆராய வேண்டிய கட்டம் அது. நான் பார்த்தவரை, கூண்டில் நிற்பவன் கையைக் கட்டிக்கொண்டு, "வயசான அம்மா இருக்குதுங்க, புள்ளைங்க இருக்குதுங்க, பார்த்துப் போட்டுக் குடுங்க சாமி" என்பான். அது ஒரு வரியாகப் பதிவாகும். இலவச சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட இளம் வழக்கறிஞர், குறைந்த தண்டனை தருமாறு வேண்டிக்கொள்வார். பல வழக்குகளில் அன்றைக்கே தண்டனையும் அறிவிக்கப்பட்டுவிடும். வசதி உள்ளவனுக்குச் சென்னையிலிருந்து மூத்த வழக்கறிஞர் வந்து நாள் கேட்டு வாதாடுவார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை நான் பழமொழியாகப் படிக்கவில்லை, கோப்பில் எழுதியிருக்கிறேன். சிறை அறிக்கையையும் மனநல மதிப்பீட்டையும் வரவழைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில்தான் திட்டவட்டமாகச் சொன்னது. அதற்கு முன் தூக்குமேடை ஏறியவர்கள் எத்தனை பேருக்கு அந்த ஆய்வு நடந்தது?

பாதிக்கப்பட்டவர்களின் நிலையை நினைக்காமல் இப்படி எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நீதிமன்ற வராண்டாவில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு காலை முதல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே என் தலை நரைத்தது. "ஏனுங்க, அடுத்த வாய்தா எப்பங்க?" என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி. தூக்கு விதிக்கப்பட்டால் அந்தக் காத்திருப்பு முடிவதில்லை, நீள்கிறது. உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாடு, உச்ச நீதிமன்ற மேல்முறையீடு, சீராய்வு மனு, ஆளுநர், குடியரசுத் தலைவர், மறுபடியும் நீதிமன்றம். திரும்பப் பெற முடியாத தண்டனை என்பதால் இந்தப் படிகளில் எதையும் குறைக்கவும் முடியாது. 1993இல் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்த வழக்கில், மைசூர் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனை 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தூக்காக உயர்ந்தது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கிடந்தது. 2014 ஜனவரியில் அந்தத் தாமதத்துக்காகவே நால்வருக்கும் மீண்டும் ஆயுள் ஆனது. இறந்த காவலர்களின் குடும்பங்கள் இருபது ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன.

தருமபுரியில் நடந்தது இதைவிட வேதனையானது. 2000 பிப்ரவரி 2 அன்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் பேருந்தோடு எரிக்கப்பட்டார்கள். 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2016இல் சீராய்வு மனுவில் அதே உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மாநில அரசின் பொது முன்விடுதலையில் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்தப் பெண்களின் பெற்றோருக்கு அரசு செய்ததை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் திறந்த கதவு. இடையில் உறுதியான எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இடையில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. முன்விடுதலை கேட்க முடியாதபடி 25 ஆண்டுகளோ, வாழ்நாள் முழுவதுமோ சிறை என்று விதிக்க உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 2015இல் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்திருக்கிறது. தூக்கு இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவான் என்று அஞ்சுவோர் கேட்க வேண்டியது இதைத்தான்.

தூக்கு பயத்தை உண்டாக்கும் என்ற வாதத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர். 1995 ஏப்ரலில், சேலம் மத்திய சிறையில். முப்பது ஆண்டுகளாக இங்கே தூக்குமேடை சும்மாதான் இருக்கிறது. கொலை செய்பவன் அகப்படமாட்டோம் என்று நினைத்துச் செய்கிறான், அல்லது எதையுமே நினைக்காமல் செய்கிறான். குழந்தைகள் விஷயத்தில் இந்த வாதம் ஆபத்தாகவும் முடியும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செய்தவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பதை அரசின் புள்ளிவிவரங்களே சொல்கின்றன. சித்தப்பனுக்குத் தூக்கு விழும் என்று தெரிந்தால் வீட்டிலிருப்போர் குழந்தையின் வாயைத்தான் மூடுவார்கள். சாட்சியான குழந்தையை உயிரோடு விடக்கூடாது என்று குற்றவாளிக்கும் தோன்றும். 2018இலும் 2019இலும் இந்தக் குற்றங்களுக்குத் தூக்கைச் சேர்த்த சட்டத் திருத்தங்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பயங்கரவாதமும் நாட்டின் மீது போர் தொடுப்பதும் தவிர மற்ற குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்த பிறகும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் தூக்குக்குரிய குற்றங்களின் பட்டியலை நீட்டியே இருக்கிறது.

இத்தனையும் நடைமுறை வாதங்கள். இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாலும், புலன்விசாரணை பிழையில்லாததாகி, ஏழைக்கும் நல்ல வழக்கறிஞர் கிடைத்து, நீதிபதிகள் அனைவரும் ஒரே அளவுகோலை வைத்திருந்தாலும், நான் தூக்கை எதிர்ப்பேன். தூக்கிலிடும் முறையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கைதியின் எடையைப் பார்க்கிறார்கள். அதற்கேற்ப எவ்வளவு ஆழம் விழ வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். அவன் எடையைவிடக் கூடுதலான மணல் மூட்டையைக் கட்டி முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறார்கள். பிறகு ஒரு விடிகாலையில், கையைப் பின்னால் கட்டி, முகத்தை மூடி, மருத்துவரையும் அதிகாரியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நேற்றுவரை அவனுக்குச் சோறு போட்ட சிறைக் காவலர்களே அவனை மேடைக்கு நடத்திப் போகிறார்கள். கோபம் தணிந்து ஆண்டுகள் போன பிறகு, யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ய முடியாத நிலையில் இருக்கும் ஒருவனை, நாள் குறித்து, நேரம் குறித்து, நம் அனைவரின் பெயராலும் கொல்கிறார்கள். மனிதனை மனிதன் திட்டமிட்டுக் கொல்வது தவறு என்பதற்காகத்தானே அவனைத் தண்டிக்கிறோம்?

அரசு தூக்கிலிட்டதெல்லாம் நீதி என்று கொங்கு மண் என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை. 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில், கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அன்றைய சட்டத்தின்படி அவர்கள் குற்றவாளிகள். சின்னியம்பாளையத்தில் இன்றும் ஆண்டுதோறும் அவர்களுக்கு மாலையிடுகிறார்கள். நீதிமன்றம் சொன்னது சரியா, ஊர் சொல்வது சரியா என்பதை இனி யார் ஆராய்ந்தாலும் அந்த நால்வருக்கு அது உதவப்போவதில்லை.

கொலைகாரனுக்கு நம் வரிப்பணத்தில் சோறா என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பவன் உழைத்துச் சம்பாதிக்கவும், அந்தக் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்குப் போகவும் நம் சிறைகளில் ஏற்பாடு உண்டு. அந்தப் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு கொடுமை நடக்கும்போது, யார் தூக்குக் கேட்டார்கள் என்ற செய்தியோடு வேறு சிலவற்றையும் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். குற்றப்பத்திரிகை எப்போது தாக்கலானது, தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்துவிட்டதா, அந்த நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தரப்பட்டதா, இழப்பீட்டுத் தொகை குடும்பத்தின் கைக்கு வந்ததா என்று மாதம் ஒருமுறையாவது விசாரித்து எழுதுங்கள். ஈரோடு, நாமக்கல், திருப்பூர் மாவட்டங்களில் நிலுவையில் உள்ள சாதி ஆணவக் கொலை வழக்குகளிலிருந்தும் போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) வழக்குகளிலிருந்தும் இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சிரஸ்தார்,
பவானி, ஈரோடு மாவட்டம்.